போட்டியும் புதுமையும்: ஒரு சிம் காட் சொல்லும் பாடம்



இந்த நாட்டுக்கு வந்ததும் நீங்கள் முதலில் தேடியது என்ன? ஊருக்குக் கதைக்க ஒரு வழி. இன்றைய பாடத்தை அதிலிருந்தே தொடங்குவோம்.

1982இல் மெர்க்குரி என்ற நிறுவனத்துக்கு அனுமதி கிடைக்கும்வரை, பிரித்தானியாவில் ஏறக்குறைய எங்கும் பிரிட்டிஷ் டெலிகொம்தான். ஊரில் ஒரேயொரு கடை இருந்தால் முதலாளி விலையைக் குறைப்பாரா? புதுச்சாமான் இறக்குவாரா? எதிரில் இன்னொரு கடை வந்தால்தான் யோசிப்பார். 1991இல் மற்ற நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது.

பெரிய நிறுவனங்கள் கவனிக்காத ஆட்களைப் புதிதாக வந்தவர்கள் கவனித்தார்கள். வெளிநாட்டுக்குக் கதைக்கும் நாங்கள்தான் அந்த ஆட்கள்! 2001இல் தொடங்கிய லெபாரா, லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று தமிழரின் பெயர்களில் இருந்து வந்த பெயர். சொந்தக் கோபுரம் இல்லாமல், மற்றவரின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்துச் சேவை நடத்தும் முறையும் இப்படிப் பரவியது. பிறகு இன்ரநெற் அழைப்பு வந்து, போன் காட்டுகளையே ஓரங்கட்டியது.

ஆனால் போட்டி எப்போதும் நன்மையே செய்யும் என்று நினைக்காதேங்கோ. அந்தக் காலத்தில் நான் வாங்கிய காட் ஒன்றில் நூறு நிமிடம் என்று போட்டிருந்தது. நாற்பதில் கட்டாகிவிட்டது. இணைப்புக் கட்டணம் சின்ன எழுத்தில் இருந்தது. விலையைச் சரிபார்க்க முடியாத இடத்தில், போட்டி தந்திரமாக மாறிவிடும்.

வாடிக்கையாளர் விட்டுப் போகலாம் என்ற பயம் இருந்தால்தான் நிறுவனம் திருந்தும். ஆனால் நம்பர் போய்விடும் என்றால் யார் மாறுவார்? எனக்குத் தெரிந்த ஒரு தம்பி மலிவைப் பார்த்து அடிக்கடி சிம் மாற்றினார். சொலிசிட்டர் பழைய நம்பருக்கு அடித்துக்கொண்டிருந்தார். முக்கியமான சந்திப்பு ஒன்று தவறிப்போனது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கோ:

1. பழைய சிம்மில் இருந்து பி.ஏ.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை 65075க்கு மெசேஜ் அனுப்புங்கோ. 2019 ஜூலையில் வந்த இந்த வசதிக்குக் காசு இல்லை.
2. வரும் குறியீட்டை 30 நாட்களுக்குள் புதிய நிறுவனத்திடம் கொடுங்கோ. நம்பர் மாறும்வரை பழைய சிம்மை நிறுத்தவேண்டாம்.
3. நம்பர் மாறியே ஆகவேண்டும் என்றால், அன்றைக்கே சொலிசிட்டருக்கும் ஹோம் ஒஃபிசுக்கும் டொக்டருக்கும் அறிவியுங்கோ.

ஒரு எச்சரிக்கை. "நானும் சிம் விற்றால் என்ன?" என்று சிலர் கேட்பீர்கள். வேலை அனுமதி இல்லாதவர்கள் சொந்த வியாபாரமும் செய்யக்கூடாது. முதலில் சொலிசிட்டரிடம் கேளுங்கோ.

வீட்டுவேலை: உங்கள் சிம்மில் ஊருக்கு ஒரு நிமிடம் கதைக்க எவ்வளவு? சின்ன எழுத்தையும் வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கோ.