கூத்துப் பழக்கமும் வீட்டாரின் வாக்கும்

கேள்வி:

சேர், நாங்கள் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட இருக்கிறோம். என் மகள் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். தமிழ்மொழித் தினப் போட்டிக்காகப் பாடசாலையில் வடமோடிக் கூத்து ஒன்று பழக்குகிறார்கள். அதில் அவளும் இருக்கிறாள். பெரிய பாத்திரம் இல்லை, படைவீரர் கூட்டத்தில் ஒருத்தி. கிழமையில் மூன்று நாள், பாடசாலை விட்ட பிறகு பழக்கம். ரியூசன் வகுப்பு, ஊரில் அம்மன் சடங்கு, சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று போன மாதம் பல நாள் அவளை நான் அனுப்பவில்லை. "ஒழுங்காக வரமுடியாவிட்டால் சொல், வேறு பிள்ளைக்குக் கொடுக்கிறேன்" என்று பழக்குகிற ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அழுதுகொண்டு வந்தாள்.

என் மகள் கெட்டிக்காரி. ஒருதரம் பார்த்தால் பிடித்துக்கொள்வாள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஆடும் இடத்தில் ஒருத்தி ஒருநாள் வராவிட்டால் என்ன வந்துவிடும்? என் கணவர் கட்டாரில் இருக்கிறார். "படிப்புக் கெட்டுப்போகும், நிப்பாட்டு" என்கிறார். பின்னேர பஸ் பிந்தினால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அவளோ ஆடத்தான் வேணும் என்று நிற்கிறாள். நிப்பாட்டவா, விடவா?

– படுவான்கரையிலிருந்து ஒரு தாய்

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த ஆசிரியரைப் பற்றி. பதினான்கு வயதுப் பிள்ளையிடம், கூட ஆடும் பிள்ளைகள் பார்த்திருக்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்களைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசியிருக்க வேண்டும். பிள்ளை ரியூசனுக்குப் போனதும் கல்யாண வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தீர்மானங்கள் இல்லை. பஸ் காசு கொடுப்பதும், எங்கே போவது என்று சொல்வதும் நீங்கள்தான். ஆகவே அவர் கேட்ட கேள்வி உங்களுக்கு உரியது. கேள்வியில் பிழை இல்லை, கேட்ட இடத்தில்தான் பிழை.

ஒருத்தி வராவிட்டால் என்ன வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்குகிறவன் என்பதால் இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். தனி நடனத்தில் ஒரு பிள்ளை பிந்தினால் அவள் மட்டும் பிந்துவாள். கூத்து வட்டக் களரியில் ஆடுவது. படைவீரர் சேர்ந்து வீசாணம் போடும்போதும், எட்டுப் போட்டு இடம் மாறும்போதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் இடத்தை நிலத்தில் கோடு பார்த்து அறிவதில்லை. பக்கத்தில் ஆடுகிறவளின் தோளையும் காலையும் வைத்துத்தான் அறிகிறாள். பக்கத்தில் ஆளில்லாமல் ஒரு நாள் பழகிய பிள்ளை, அடுத்த நாள் உங்கள் மகள் வந்து நின்றதும் தடுமாறுவாள். அவளுக்கு முன்னால் ஆடுகிறவளும் தடுமாறுவாள். மத்தளம் நிற்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் மகள் போகாதது ஒரு நாள். அவள் வந்த பிறகு அதைச் சரிப்படுத்தக் குழு முழுவதற்கும் இன்னொரு நாள் போகும். பாட்டும் அப்படியே. ஆடுகிறவர் பாட, மற்றவர் பிற்பாட்டு எடுக்க வேண்டும். குரல் குறைந்தால் பாட்டு சோரும்.

அவள் கெட்டிக்காரி என்கிறீர்கள். நம்புகிறேன். அதனால்தான் அவள் இல்லாத நாளில் நட்டம் கூட. காலடி பிடிபடாத பிள்ளைகள் கெட்டிக்காரியின் காலைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். அவள் ஒருதரத்தில் பிடித்துக்கொள்வது தன் ஆட்டத்தை. மற்றவர்களோடு ஒத்து ஆடுவதை ஒருதரத்தில் பிடிக்க யாராலும் முடியாது, அது நாட்கணக்கில் சேர்ந்து நின்று வருவது.

அமெரிக்காவில் சியர்லீடிங் என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் குழுவாக ஆடிக் குதித்து, ஒருத்தியை மற்றவர்கள் கைகளில் தூக்கி நிறுத்துவார்கள். பெரும்பாலும் இரண்டு பேர் இரு பக்கமும் காலைத் தாங்க, ஒருத்தி பின்னால் நின்று பிடிக்க, நாலாமவள் மேலே நிற்பாள். அந்த நால்வரில் ஒருத்தி வராவிட்டால் அன்றைக்கு அந்தத் தூக்கலைப் பழகவே முடியாது. ஆள் மாறிப் பழகினால் மேலே நிற்பவள் விழக்கூடும். இதனால் அங்கே பல குழுக்கள் பருவம் தொடங்கும் முன்னரே தாய் தகப்பனிடம் ஒழுங்காக அனுப்புவோம் என்று கையொப்பம் வாங்குகின்றன. நம் கூத்தில் யாரும் உயரத்திலிருந்து விழப்போவதில்லை. ஆனாலும் மற்ற வீட்டுப் பிள்ளைகளின் உழைப்பு உங்கள் வீட்டுத் தீர்மானத்தில் தங்கியிருக்கிறது என்பது இரண்டுக்கும் பொது.

வீட்டாரும் சேர்ந்து வாக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பழைய மட்டக்களப்பு ஊர்களும் நன்றாக அறிந்திருந்தன. ஓர் ஊரில் கூத்துப் போடுவதென்றால் ஊர்ப் பெரியவர்கள் கூடி, குரலும் உடல்வாகும் பார்த்து ஆட்களைத் தெரிவார்கள். நல்ல நாள் பார்த்து, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைக் கொடுப்பார். சட்டம் கொடுத்தல் ஊரறிய நடப்பது. வாங்குகிறவர் ஊருக்கும் அண்ணாவியாருக்கும் வாக்குக் கொடுத்தவர் ஆகிவிடுவார். அதன்பின் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம், கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்துக் களைத்தவர்கள் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு களரிக்குப் போனார்கள் என்றால், வீட்டில் இருந்தவர்களும் அந்த வாக்கைச் சுமந்தார்கள் என்று அர்த்தம். சோறு நேரத்துக்கு ஆக்கியவர்கள், உடுப்புக்குப் பணம் சேர்த்தவர்கள், விடியும்வரை பாய் விரித்துப் பார்த்திருந்தவர்கள் எல்லாரும் கூத்துக்காரர்தான். அன்றைய களரியில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். இன்றைக்கு உங்கள் மகள் படைவீரனாக ஆடுகிறாள். இந்த மாற்றத்தில் எனக்குப் பெரிய சந்தோசம். பழைய களரியில் ஊர் கொடுத்த ஆதரவு இவளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இரவு முழுக்க ஆடும் கூத்தில் ஒரு பிழை வந்தால் மூடிக்கொள்ள நேரம் இருந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்துகளைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று அவை தொடர்ந்தன. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு அந்த மேடையில் ஆடி வளர்ந்து, பின்னர் இந்தக் கலையை ஆராய்ந்து எழுதியும் பழக்கியும் வந்தவர். நீண்ட கூத்தைச் சுருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் இறுகிவிடும். பாடசாலைப் போட்டிக் கூத்து அதைவிடவும் குறுகியது. அங்கே ஒரு பிள்ளை அடி பிசகினால் சபைக்கு அது மட்டும்தான் தெரியும்.

ஆசிரியர் பக்கத்திலும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. அண்ணாவியார்மார் ஊரின் காலக்கணக்கு அறிந்தவர்கள். வேளாண்மை வெட்டி நெல் வீட்டுக்கு வந்து, கை ஓய்ந்திருக்கும் நாட்களைப் பார்த்துத்தான் அவர்கள் கூத்தைத் தொடங்குவார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சடங்குக்குப் பிள்ளை போவதைக் குற்றமாக எண்ணக் கூடாது. அந்த நாட்களில் பழக்கம் வைத்ததுதான் பிழை. மட்டக்களப்புச் சீலாமுனையில் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் கூத்து மீளுருவாக்க வேலையைச் செய்தபோது, எந்தக் கதை, யார் ஆடுவது, எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் ஊரவரோடு இருந்து பேசித் தீர்மானித்தார்கள். பாடசாலையும் அதைச் செய்யலாம். பழக்கம் தொடங்கும் முன் பெற்றோரை ஒரு பின்னேரம் கூப்பிட்டு, இன்ன இன்ன நாள், இத்தனை மணிக்கு விடுவோம், வலயப் போட்டி இன்ன திகதி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. நீங்களே போய்க் கேளுங்கள். பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள், வட்ஸ்அப்பில் குரல்பதிவும் போடாதீர்கள். நேரில் போய், மிச்சமுள்ள நாட்களைத் தாருங்கள் சேர், நாங்கள் அதற்கு ஏற்றமாதிரி வீட்டு அலுவலை ஒழுங்குபடுத்துகிறோம் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் பேசியது அவளுக்கு நொந்தது என்பதையும் மரியாதையாகச் சொல்லலாம். அந்த ஆசிரியரும் சம்பளத்துக்கு மேலால் பின்னேரங்களைக் கொடுத்து நிற்கிறவர்தான்.

ரியூசனுக்கு வருவோம். ஒன்பதாம் ஆண்டில் ஒரு வகுப்பைக் காலை வகுப்புக்கோ சனிக்கிழமைக்கோ மாற்றிக் கேட்டால் பெரும்பாலான ரியூசன் ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒரே பாடத்தை இரண்டு மூன்று தரம் எடுக்கிறவர்கள் அவர்கள். உங்கள் கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மகள் சாதாரண தரத்துக்குப் பாடம் தெரிய வேண்டும். நாடகமும் அரங்கியலும் அதில் ஒரு பாடம். வடமோடி, தென்மோடி பற்றி மற்றப் பிள்ளைகள் கொப்பியில் பாடமாக்குவதை இவள் காலில் அறிந்திருப்பாள். அதற்குப் பிறகும் வழி இருக்கிறது. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. எல்லாப் பிள்ளையும் அங்கே போக வேண்டும் என்று சொல்லவரவில்லை. கூத்து என்றால் படிப்புக்கு எதிரி என்ற எண்ணத்தோடு கட்டாரிலிருந்து ஒரு தகப்பன் தீர்மானம் எடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். புள்ளி குறைந்தால் கூத்தை நிப்பாட்டுவேன் என்று பயமுறுத்தவும் வேண்டாம். அந்தத் தண்டனை உங்கள் பிள்ளையோடு நிற்காமல் ஒரு பிழையும் செய்யாத மற்றப் பிள்ளைகள் மேலும் விழும். படிக்கவில்லையென்றால் வீட்டில் தொலைபேசியை வாங்கி வையுங்கள்.

பஸ் விசயத்தில் உங்கள் பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. மாரியில் பாதை தண்ணீரில் கிடக்கும், பொழுதும் கெதியில் சாயும். பிந்திய பின்னேரத்தில் ஒரு பெண்பிள்ளை தெருவில் தனியாக நிற்கக் கூடாது. பழக்கம் சொன்ன நேரத்துக்கு முடிய வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அதோடு, குழுவில் உங்கள் பாதையால் வரும் வேறு பிள்ளைகள் இருப்பார்கள். அந்தத் தாய்மாரைக் கண்டு பேசுங்கள். ஒரு நாள் நீங்கள், மறுநாள் அவர்கள் என்று முறை வைத்துக் கூட்டிவரலாம். அப்படிப் போகும் நாளில் கால் மணித்தியாலம் முந்திப் போய்ப் பழக்கத்தைப் பாருங்கள். மகள் எந்த இடத்தில் நிற்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் யார் என்று கண்டுவிட்டால், ஒருத்தி வராவிட்டால் என்ன என்று பிறகு கேட்க மாட்டீர்கள்.

போகாமல் விடக்கூடிய நாட்கள் உண்டு. காய்ச்சல், செத்தவீடு, குடும்பத்தின் நேர்த்திக்கடன், பாதை மூடிய வெள்ளம் எல்லாம் அதில் சேரும். பிறந்தநாள் விருந்தும், திடீரென்று வைத்த மேலதிக வகுப்பும், இன்றைக்கு அலுப்பாக இருக்கிறது என்பதும் அதில் சேராது. தவிர்க்க முடியாத நாளை முதல்நாளே சொல்லிவிட்டால் ஆசிரியர் அன்றைக்குப் பாட்டை மட்டும் எடுப்பார், அல்லது அரசனுடைய வரவை எடுப்பார். யாருடைய நேரமும் வீணாகாது. கால் சுளுக்கினாலும் பிள்ளையை அனுப்புங்கள். உட்கார்ந்து பிற்பாட்டுப் பாடலாம், இடமாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். மாதவிலக்கு நாட்களில் சில வீடுகளில் பிள்ளையை மறித்துவிடுகிறார்கள், காரணம் சொல்லவும் கூச்சப்படுகிறார்கள். ஒரு ரீச்சரிடம் சொல்லிவைத்தால் போதும். அன்றைக்கு அவளுக்குக் குதியாட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள்.

நிப்பாட்டவா, விடவா என்ற கேள்விக்கு என் பதில்: விடுங்கள், ஆனால் முழுதாக விடுங்கள். மிச்சமுள்ள நாட்களின் பட்டியலை வாங்கிப் பார்த்த பிறகும் இத்தனை நாளுக்கு எங்களால் முடியாது என்று வீட்டில் தீர்ந்தால், இப்போதே நிப்பாட்டுவதுதான் மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயம். உடுப்புத் தைத்து, அடுக்குப் பார்க்கும் கட்டத்துக்கு வந்தபின் விலகினால் அந்த இடத்தை நிரப்பப் பிள்ளை கிடைக்காது. அப்படி விலக்குவதென்றாலும் மகளை உங்களோடு கூட்டிக்கொண்டு போய், அவள் கேட்க, இது எங்கள் வீட்டு முடிவு, பிள்ளையில் பிழையில்லை என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்த வருசமும் கூத்துப் பழக்குவார்கள். அப்போது அவள் போய்க் கேட்கக் கதவு திறந்திருக்க வேண்டும்.