வருணனையாளர் நாவும் நடுவுநிலைமையும்

நேரிற் காணாத ஒன்றைப் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டிய இடத்தில், சொல்லுவோன் நாவே நமக்குக் கண்ணாகிறது. வழக்குமன்றத்துச் சாட்சியும், பத்திரிகை நிருபரும், விளையாட்டரங்கத்து வருணனையாளரும் இவ்வகையில் ஒரு தொழிலினரே ஆவர். முன்னவர் இருவரும் உண்மையைத் திரித்துரைப்பின் உலகம் சினக்கிறது. மூன்றாமவர் திரித்துரைப்பின், ‘விளையாட்டுத்தானே’ என்று பொறுத்துவிடுகிறது. அங்ஙனம் பொறுத்தல் தகுமோ என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்ரீரங்கத்தில் எம் இல்லத்திற்கு அடுத்த வீட்டில் ஒரு முதியவர் வாழ்கிறார். பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். கண்ணொளி மங்கிப் பல்லாண்டுகள் ஆயின. வானொலிக் காலந்தொட்டே கிரிக்கெட்டில் தீராத பற்றுடையவர் ஆதலின், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காட்சியை விடுத்து ஒலியை மட்டும் நுகர்பவர். சென்ற பருவத்தில் ஓரிரவு நம் அணி தோற்றது. அன்று வருணித்தவர் தொடக்கமுதலே எதிரணியினரை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. அவர்கள் அடித்த அடியெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்றார். வீசிய பந்தெல்லாம் பயனற்றது என்றார். ஆட்டம் முடிந்ததும் முதியவர் எம் பக்கம் திரும்பி, “தம்பி, அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் ஒழுங்காக ஆடவில்லை என்றுதானே இவர் இரவெல்லாம் சொன்னார்? பிறகு நாம் தோற்றது எப்படி? மட்டையில் பந்து பட்ட ஓசையும் எனக்கு நன்றாகத்தானே கேட்டது?” என்று வினவினார். அதற்கு எம்மிடத்தில் விடையில்லை. காசு கொடுத்துப் பொருள் வாங்கச் சென்றவனிடம் எடையைக் குறைத்து நிறுத்த கடைக்காரனை நாம் கள்வன் என்போம். கண்ணில்லாதவனுக்கு ஓர் இரவின் உண்மையைக் குறைத்து நிறுத்தவனை யாதென்பது?

வருணனைத் தொழில் தோன்றிய வரலாற்றைச் சற்றே நோக்குவோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து வானொலி நிலையத்தினின்று 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் ஹெரால்டு ஆர்லின் என்பார் பேஸ்பால் பந்தயம் ஒன்றை வருணித்தார். அவ்விளையாட்டு வானொலியில் ஒலித்தது அதுவே முதன்முறை. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனத்தார் 1927ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் நடந்த ரக்பி ஆட்டத்தை ஒலிபரப்பினர். அன்று வருணித்தவர் வேக்கலம் என்பவர். அவருக்கு முன்னே கண்பார்வையற்ற ஒருவரை அமர்த்தி, அவருக்கு எடுத்துச் சொல்வதுபோலவே ஆட்டத்தைச் சொல்லுமாறு பணித்தனராம். இத்தொழிலின் இலக்கணம் முழுவதும் இவ்வொரு செய்கையில் அடங்கிக் கிடக்கிறது. கேட்போன் காணாதவன்; அவனுக்குத் தன் கண்ணைக் கடனாகக் கொடுப்பவனே வருணனையாளன்.

நம் நாட்டில் 1930களில் பம்பாய்ப் பந்தயங்களை வருணித்த ஏ. எப். எஸ். தல்யார்கான் இத்துறையின் முன்னோடியாவார். நம் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், இராமமூர்த்தி முதலானோர் கிரிக்கெட்டைத் தமிழில் வருணித்து, ஆங்கிலம் அறியாதாரும் அவ்விளையாட்டை நுகருமாறு செய்தனர். மைதானத்தின் பசுமையும், பந்து ஓடும் திசையும், அதனைத் துரத்துவோன் விரைவும் சொல்லிலேயே எழுந்து நின்றன. 2017ஆம் ஆண்டில் தமிழுக்கென்றே தனி விளையாட்டுத் தொலைக்காட்சி அலைவரிசையும் தோன்றியது. தாய்மொழியில் ஆட்டங்கேட்கும் வாய்ப்புப் பெருகியது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் வாய்ப்புப் பெருகிய அளவிற்கு நேர்மையும் பெருகிற்றா என்பதே கேள்வி.

‘தொலைக்காட்சியில்தான் யாவரும் நேரே காண்கின்றனரே, வருணனையாளர் எங்ஙனம் ஏமாற்ற இயலும்?’ என்று சிலர் வினவலாம். கண் பந்தைக் காண்கிறது என்பது உண்மையே. ஆயின் கண்டதற்குப் பொருள் கூறுவது காதில் விழும் சொல். ஒரே அடியை ‘நுட்பம்’ என்றால் நுட்பமாகவும், ‘தவறிப் பட்டது’ என்றால் தவறாகவும் மனம் ஏற்றுக்கொள்ளும். அவ்விளையாட்டைப் புதிதாகக் கற்கும் சிறுவர்க்கோ அச்சொல்லே பாடமாகிவிடுகிறது.

ஒருதலைப்பட்சமான வருணனை நான்கு வழிகளில் நிகழ்வதை யாம் கவனித்திருக்கிறோம்.

முதலாவது, மறைத்தல். எதிரணியின் பந்துவீச்சாளன் தொடர்ந்து மூன்று ஓவர்கள் கட்டுப்பாடாக வீசினால், அவ்வேளையில் நம் வீரரின் பழம்பெருமைகளைப் பேசிப் பொழுதைக் கழித்தல். இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்றது.

இரண்டாவது, மிகுத்தல். நம்மவன் எடுத்த எளிய ஓர் ஓட்டத்தையும் மலையைப் பெயர்த்த செயலாகப் பாராட்டுதல். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது மெய்யே. ஆயினும் அடுத்த கூட்டிலுள்ளவற்றைக் குஞ்சே அல்லவென்று காக்கையும் கரைவதில்லை.

மூன்றாவது, ஒரே செயலுக்கு இரண்டு அளவை கொள்ளுதல். இதுவே மிகக் கொடியது. மட்டையின் விளிம்பில் பட்டுக் காப்பாளர்களுக்கு இடையே பந்து விரைந்து எல்லையைத் தொடுகிறது. அடித்தவன் நம்மவனாயின் ‘இடைவெளியை அறிந்து செலுத்தினான்’ என்பர். அயலவனாயின் ‘பிழைத்தான், அதிர்ஷ்டம்’ என்பர். பந்து ஒன்றே, விளிம்பும் ஒன்றே; மாறியது சட்டையின் நிறம் மட்டுமே.

நான்காவது, நடுவரைப் பழித்தல். தீர்ப்பு நமக்குச் சாதகமாயின் விதியைப் போற்றுவதும், பாதகமாயின் விதியையே ஐயுறுவதும் இதன்பாற்படும். இதனால் இளைஞர் உள்ளத்தில், தோல்வி என்றால் யாரோ செய்த சூழ்ச்சி என்னும் எண்ணம் வேரூன்றுகிறது.

இனி இக்குற்றத்தின் காரணங்களை ஆராய்வோம். தன் ஊர்ப்பற்று ஒரு காரணம். அது மன்னிக்கத்தக்கது. மற்றொரு காரணம் ஊதியம். பந்தயத்தை நடத்துவோரும், ஒளிபரப்புவோரும், வருணனையாளருக்குக் கூலி கொடுப்போரும் ஒருவரேயாயின், அவர் நாவு எப்பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ? 2013ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அணி இந்தியா வந்தபோது அந்நாட்டு முன்னாள் அணித்தலைவர் இயன் சாப்பல் வருணனைப் பணியை ஏற்க மறுத்தார். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் நிருவாகம், வீரர் தேர்வு, நடுவர் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் முறை ஆகியவற்றைப் பற்றிப் பேசலாகாது என்னும் கட்டுப்பாடே அவர் கூறிய காரணம். 2016ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பெங்களூரில் வங்கதேசத்தை இந்தியா 1 ஓட்டத்தில் வென்றது. அதன்பின் நடிகர் அமிதாப் பச்சன், இந்திய வருணனையாளர் பிறரைக் காட்டிலும் நம் வீரரைப் பற்றி மிகுதியாகப் பேசுதல் நலம் என்னும் கருத்தைப் பெயர் சுட்டாது வெளியிட்டார். அணித்தலைவர் தோனியும் அதனை வழிமொழிந்தார். அடுத்த திங்களில் ஹர்ஷா போக்லே என்னும் புகழ்பெற்ற வருணனையாளர் ஐ.பி.எல். பந்தயக் குழுவினின்று நீக்கப்பட்டார். காரணம் வெளிப்பட உரைக்கப்படவில்லை. ஆதலின் இரண்டிற்கும் தொடர்புண்டென்று யாம் துணிந்து கூறோம். அவர் பின்னர் அப்பணிக்குத் திரும்பினார் என்பதையும் குறித்தல் முறை. ஆயினும், ‘எதிரணியைப் புகழாதே’ என்னும் வேண்டுகோள் பெரியோர் வாயினின்றே பிறக்கும் நாட்டில், நேர்மையாகப் பேசுவோர்க்குத் துணிவு வேண்டும் என்பது வெள்ளிடைமலை.

அத்துணிவுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நியூயார்க் யாங்கீஸ் என்னும் பேஸ்பால் அணிக்கு ரெட் பார்பர் என்பவர் வருணனையாளராக இருந்தார். 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், 60,000 பேருக்கு மேல் அமரத்தக்க அவ்வணியின் அரங்கத்திற்கு வந்திருந்தோர் 413 பேரே. அணி அவ்வாண்டில் அவ்வளவு தாழ்ந்திருந்தது. வெற்று இருக்கைகளைப் படக்கருவியிற் காட்டுமாறு பார்பர் கேட்டார், காட்ட மறுத்தனர். அவரோ, அன்றைய செய்தி ஆட்டமன்று, வாராத கூட்டமே என்று வாயாற் சொல்லிவிட்டார். சில நாட்களுக்குள் அவருடைய ஒப்பந்தம் இனிப் புதுப்பிக்கப்படாது என்று அறிவிக்கப்பட்டது. அவர் வேலையை இழந்தார். கேட்போர் நம்பிக்கையை இழக்கவில்லை.

‘மக்கள் விரும்புவதைத்தானே வருணனையாளர் தருகின்றனர்? எதிரணியைப் புகழ்ந்தால் மக்கள் பொறுப்பரோ?’ என்று கேட்போரும் உளர். அவர்க்கு விடை நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1999ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணி இந்தியாவில் டெஸ்ட் பந்தயம் ஆட வந்தது. எதிர்ப்பாளர் டில்லி மைதானத்து ஆடுகளத்தையே தோண்டிப் பாழாக்கியிருந்தனர். அத்தகைய பதற்றத்தினிடையே சென்னைச் சேப்பாக்கத்தில் முதற்பந்தயம் நடந்தது. வெற்றிக்கு இந்தியாவுக்கு வேண்டியவை 271 ஓட்டங்கள். 82 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்ந்தபின், சச்சின் டெண்டுல்கர் முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு 136 ஓட்டங்கள் சேர்த்தார். 254ஆம் ஓட்டத்தில் அவர் வீழ்ந்தார். எஞ்சியோர் மேலும் 4 ஓட்டங்களுக்குள் வீழ்ந்தனர். 31ஆம் நாள் பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது. அரங்கம் ஒரு கணம் ஊமையாயிற்று. பின்னர் அக்கூட்டம் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் வீரர் மைதானத்தை வலம் வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர். நெஞ்சு உடைந்த நேரத்திலும் நீதி வழுவாத அக்கூட்டமே நம் மக்கள். அவர்களுக்கு உண்மையைத் தாங்கும் வலிமையில்லை என்று எண்ணும் வருணனையாளர், தம்மைக் கேட்போரைத் தாமே இழிவு செய்கின்றனர்.

மேலும், ஒருதலைப்பட்சத்தால் நட்டமடைவது எதிரணியன்று, நம் அணியே. சிறியவனை வென்ற வெற்றி சிறிது; பெரியவனை வென்ற வெற்றி பெரிது. எதிரியைப் புல்லென்று வருணித்துவிட்டு, அவனை வென்றதைப் பெருஞ்செயலாக எங்ஙனம் கொண்டாடுவது? தோற்றாலோ, புல்லிடம் தோற்றோம் என்னும் பழியையும் நாமே தேடிக்கொண்டவராவோம்.

வருணனையாளர் உயிரற்ற கருவிபோற் பேசவேண்டும் என்பது எம் கருத்தன்று. நம்மவர் வென்றால் குரலில் மகிழ்ச்சி தோன்றட்டும். தோற்றால் வருத்தம் தோன்றட்டும். அன்பு குரலில் இருக்கலாம், செய்தியில் இருத்தலாகாது. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அன்புடைமைக்கும் தனியே ஒன்று வகுத்தார். இரண்டும் ஒருங்கே இருக்கத்தக்கவை என்பது அதனால் விளங்கும். காவிரிக்கரையில் நிற்பவனுக்குத் தன் கரையே பெரிதாகத் தோன்றும். மலைக்கோட்டை உச்சிக்கு ஏறினவனுக்கோ தென்கரைத் திருச்சி நகரும், வடபால் ஸ்ரீரங்கத்துத் தீவும் கோபுரமும், அப்பாற் கொள்ளிடமும் ஒருசேரத் தோன்றுகின்றன. ஏறினமையால் அவன் தன் வீட்டை மறந்துவிடுவதில்லை. வருணனையாளர் அமரும் உயர்ந்த கூடம் அத்தகைய உச்சியே. அவ்விடத்தை அவருக்கு அளித்தது இருகரையும் காண்பதற்கே.

மாணவ நண்பர்களே! பிறர் குற்றத்தை ஆராய்வது எளிது. முடிவாக எம் குற்றத்தையும் கூறிவிடுகிறோம். மேற்சொன்ன நிகழ்ச்சிக்குப் பின் வேறோர் இரவில், தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு, முதியவருக்கு யாமே ஆட்டத்தை எடுத்துரைக்கத் தொடங்கினோம். நடுநின்று சொல்லவேண்டும் என்னும் உறுதியோடுதான் அமர்ந்தோம். இரண்டாம் ஓவரிலேயே எதிரணி மட்டையாளன் ஒருவன் பந்தை எல்லைக்கு விரட்டினான். “ஒன்றுமில்லை தாத்தா, ஏதோ அதிர்ஷ்டம்” என்று எம் நாவு தானே சொல்லிற்று. முதியவர் தலையைச் சாய்த்து, “மட்டையின் நடுவில் பட்டதா தம்பி, விளிம்பில் பட்டதா?” என்று மெதுவாகக் கேட்டார். நடுவில்தான் பட்டிருந்தது. அதனை ஒப்புக்கொண்டோம். “அப்படிச் சொல்லு, ஆட்டம் தெரிகிறது” என்று அவர் நாற்காலியை இன்னும் சற்று அருகே நகர்த்திக்கொண்டார்.