செல்போனில் செய்தி சொல்ல வந்த பிள்ளைகளுக்கு

நாளிதழ் டெஸ்க்கிலேயே தலை நரைத்தவன் நான். இப்போது ஊருக்கு நாலு யூடியூப் சேனல். நகராட்சிக் குப்பை, ரேஷன் கடை எடை, ஏரி ஆக்கிரமிப்பு என்று பெரிய பத்திரிகைகள் திரும்பிப் பார்க்காததை எல்லாம் நீங்கள்தான் வெளியே கொண்டுவருகிறீர்கள், சந்தோஷம். ஆனால் எங்கள் காலத்தில் நிருபர் எழுதியது அச்சுக்குப் போவதற்குள் உதவி ஆசிரியர், செய்தி ஆசிரியர், தேவைப்பட்டால் வக்கீல் என்று மூன்று பேர் பார்த்துவிடுவார்கள். உங்களுக்கு அந்த மூன்று பேரும் இல்லை. அவர்கள் வேலையையும் நீங்களேதான் பார்த்தாக வேண்டும்.

1. ‘எனக்கு வந்தது, அப்படியே போட்டேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி வேறொருவர் எழுதிய பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கு விடவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2. பரபரப்பான வீடியோ கைக்கு வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். 2018 மே மாதம் ‘குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் 65 வயது அம்மா ஒருவர். குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்து ஊர்க்காரர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். அந்த ஆண்டு ஜூலையில்தான், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பரவிய வீடியோக்களும் அப்படித்தான். ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த தகராறு, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று காவல்துறை விளக்க வேண்டியிருந்தது. பீகார் சட்டமன்றம் வரை விவகாரம் போய்விட்டது.

சரிபார்ப்பது பெரிய வித்தை இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைப் பலகை என்ன மொழி, பஸ் என்ன நிறம், வண்டி நம்பர் எந்த மாநிலம், போலீஸ்காரர் தொப்பி நம் ஊர்த் தொப்பிதானா? ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் கூகுள் லென்ஸில் போட்டால் பல சமயம் பழைய வீடியோ சிக்கிவிடும். கடைசியாக, சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு ஒரு போன். அங்கே எடுக்காவிட்டால் அந்த ஊரில் தெரிந்த டீக்கடைக்காரரைக் கேளுங்கள். சில நேரம் அவருக்குத்தான் விவரம் சரியாகத் தெரியும்.

3. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் எந்த வழியிலும் வெளியே போகக் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தை என்றால் போக்சோ 23-வது பிரிவும் சேரும். பெயர் மட்டுமல்ல, பள்ளி, குடும்பம், தெரு எதையும் சொல்லக் கூடாது.

முகத்தை மங்கலாக்கிவிட்டோம், போதும் என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்த ஒரு வீடியோவில் பெண்ணின் முகம் மறைந்திருந்தது. ஆனால் அம்மாவின் குரல் மாற்றப்படவில்லை. வாசலில் நின்ற ஸ்கூட்டியின் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பேட்டியில் பெயர், தெரு எல்லாம் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். காவல்துறை இணையதளத்திலேயே திறந்து கிடந்தது. எடுத்தவர்கள் எடுத்தார்கள், பரப்பியவர்கள் பரப்பினார்கள். மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு இணையதளத்திலேயே இருந்ததே என்ற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். திறந்த கதவுக்குள் நுழைந்து எடுத்தாலும் திருட்டுதான்.

குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் வீடியோவை யாராவது ‘ஆதாரம்’ என்று அனுப்பினால், போனில் வைத்துக்கொள்ளாதீர்கள், நண்பருக்குக் காட்டுகிறேன் என்று தள்ளிவிடாதீர்கள். வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள்.

4. இவ்வளவையும் கேட்டுப் பயந்து, திருவிழா வீடியோ மட்டும் போடலாம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். கொலைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் மிரட்டியபோது ‘நக்கீரன்’ பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது. 1994-இல் வந்த தீர்ப்பு இன்றும் உங்களுக்குக் கவசம். ஒருவருடைய சொந்த வாழ்க்கையை அவர் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது. ஆனால், மேலே சொன்ன பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தவிர, பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். அதிகாரி தன் பதவி வேலையில் செய்ததைக் கேள்வி கேட்கலாம். வெளிவருமுன்பே தடுக்க அதிகாரிக்கு உரிமை கிடையாது. எனவே தாசில்தாரின் கையெழுத்தைக் காட்டுங்கள், அவர் மகள் கல்யாணத்தைக் காட்டாதீர்கள். ஆர்.டி.ஐ. மனு போட்டு வாங்கிய ஒரு தாள், பத்து ‘நம்பத்தகுந்த வட்டார’ங்களைவிட மேல்.

5. தம்ப்நெயிலில் ‘கோடிகளைச் சுருட்டினாரா?’ என்று ஒரு கேள்விக்குறி போட்டால் அவதூறு வழக்கு வராது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வரும். பார்க்கிறவர் மனதில் என்ன பதிகிறது என்பதுதான் கணக்கு. குற்றச்சாட்டு யார்மீதோ அவரிடம் பேசி, அவர் பதிலையும் அதே வீடியோவில் வையுங்கள். போனை எடுக்கவில்லை என்றால் எந்த நாள், எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்று குறித்துவையுங்கள்.

6. பாட்டு, சினிமாத் துண்டு. ‘முப்பது வினாடி வரை பரவாயில்லை’ என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பாரதி பாட்டு பொதுச்சொத்துதான். ஆனால் அதற்கு மெட்டுப் போட்டவரும் பதிவு செய்த கம்பெனியும் உரிமை கேட்பார்கள். தியேட்டரில் படம் ஓடும்போது செல்போனில் எடுத்தால், சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதச் சிறை.

7. ‘வீடியோவை எடுத்துடுங்க, பார்த்துப் பண்றோம்’ என்று குவாரிக்காரர் சொல்வார். வாங்கினால் அன்றோடு நீங்கள் செய்தியாளர் இல்லை. நீங்களே போய்க் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறித்தல். ஏழு ஆண்டு வரை சிறை. வண்டியில் ஒட்டிய ‘பிரஸ்’ ஸ்டிக்கர் அங்கே உதவாது.

8. எடிட் செய்யாத மூல வீடியோவை அழிக்காதீர்கள், எடுத்த போனையும் அவசரப்பட்டு விற்காதீர்கள். நீதிமன்றம் மின்னணு ஆதாரத்தின் நகலைச் சான்றிதழோடுதான் ஏற்கும். வெட்டி ஒட்டியது நிற்காது. தப்பாகப் போட்டது தெரிந்தால் சத்தமில்லாமல் நீக்காமல், அதே சேனலில் வந்து சொல்லுங்கள்.

9. நோட்டீஸ் வந்தால் அதைப் படம் எடுத்து ரீல்ஸ் போடாதீர்கள், வக்கீலிடம் போங்கள். வசதி இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. அவர்கள் எண் 15100.