ஓய்வும் ஒரு பயிற்சியே

ஆண்டுதோறும் பள்ளி விளையாட்டுப் போட்டியும் குறுக்கோட்டமும் நெருங்கும்பொழுது நம் மாணவர்களிடையே ஒரு புதிய வேகம் பிறக்கின்றது. காலையில் ஓடுகின்றனர், மாலையிலும் ஓடுகின்றனர். இவ்வூக்கம் பாராட்டுதற்குரியது. ஆயினும், போட்டிக்குச் சில நாட்களே இருக்கும்போது கால்வலியால் திடலோரத்தில் அமர்ந்துவிடும் மாணவரும் உளர். சோம்பல் அவர்களை வீழ்த்தவில்லை. அளவுக்கு மீறிய உழைப்பே வீழ்த்தியது. அஃது ஏன் நிகழ்கின்றது, அதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பவற்றை இங்குக் காண்போம்.

பால்மரத் தோட்டங்களை அறிந்த நம் பெற்றோருக்கு இவ்வுண்மை புதிதன்று. இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டாது விடுவது தோட்டங்களின் நெடுங்கால வழக்கம். வடிந்த பால் மீண்டும் ஊறுவதற்கு மரத்திற்குக் காலம் வேண்டும். அக்காலத்தைக் கொடாமல் ஓயாது வெட்டினால் பால் நீர்த்துப் போகும். பின்னர்ப் பட்டை வறண்டு பால் நின்றே போகும். மனித உடலும் இத்தகையதே.

ஓடும்பொழுதே உடல் வலிமை பெறுகின்றது என நாம் எண்ணுகின்றோம். உண்மையில், ஓடும்பொழுது உடல் தேய்கின்றது. தசைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றில் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தும் செலவாகின்றது. பின்னர் உண்டு உறங்கும் வேளையில்தான் உடல் அச்சிதைவுகளைச் செப்பனிட்டு, முன்னினும் சற்று வலிமையாக ஆக்குகின்றது. எலும்பும் அவ்வாறே. பழுதுற்ற பகுதியை உடல் முதலில் அகற்றுகின்றது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். பிறகு புதிய எலும்பை இட்டு நிரப்புகின்றது. அதற்குச் சில மாதங்கள் ஆகும். நிரம்புமுன் மேலும் மேலும் ஓடினால் எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகக்கூடும்.

உலகப் புகழ் பெற்ற ஓட்டக்காரரும் இவ்விதிக்கு விலக்கானவர் அல்லர். ஆஸ்திரேலியாவின் டெரிக் கிளேட்டன் 1967-ஆம் ஆண்டு ஜப்பானில் உள்ள ஃபுக்குவோக்கா நகரில் மாரத்தான் தொலைவை 2 மணி 9 நிமிடம் 36 வினாடியில் ஓடி முடித்தார். 2 மணி 10 நிமிடத்திற்குள் அத்தொலைவைக் கடந்த முதல் மனிதர் அவரே. வாரத்திற்கு 200 கிலோமீட்டருக்கும் மேலாக ஓடிப் பயின்ற அவர், கால்களில் பலமுறை அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. ஒலிம்பிக் மாரத்தானில் 1968-இல் ஏழாம் இடத்தையும் 1972-இல் பதின்மூன்றாம் இடத்தையுமே அவர் அடைந்தார்.

அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட்டின் வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. 1984-ஆம் ஆண்டு ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு முன்னர் அவருடைய முழங்கால் இயங்க மறுத்தது. போட்டிக்கு 17 நாட்களே இருந்த நிலையில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. ஆயினும் அப்போட்டியில் அவர் வென்றார். அவ்வாண்டு ஆகஸ்ட்டு 5-ஆம் நாள், பெண்களுக்கென முதன்முதலாக நடைபெற்ற ஒலிம்பிக் மாரத்தானிலும் தங்கம் பெற்றார். அறுவை முடிந்தவுடன் எவரும் ஓடலாம் என்பது இதன் பொருளன்று. அவர் பல்லாண்டு பயின்றவர், மருத்துவர்தம் கண்காணிப்பில் இருந்தவர். பல ஆண்டுப் பயிற்சி சில வார ஓய்வினால் அழிந்துவிடாது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

உடல் தன் துன்பத்தை முன்கூட்டியே அறிவிக்கின்றது. உறக்கம் குறைதல், பசியின்மை, காரணமின்றிச் சினம் எழுதல், எளிதாக ஓடிய தொலைவும் கடினமாகத் தோன்றுதல் ஆகியவை மிகைப்பயிற்சியின் அடையாளங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வருதல் நன்று. வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்புகள் கூடுதலாகத் தொடர்ந்து சில நாட்கள் இருப்பின் ஓய்வு கொள்க. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலித்தாலும், இரவில் வலித்தாலும், நொண்டி நடக்க நேர்ந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். அவ்விடத்தில் தைலம் தேய்த்து அழுத்தி உருவுதல் கூடாது.

வளரும் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் தேவை. அவர்தம் எலும்புகளின் முனைகள் இன்னும் முதிராதவை. ஆதலின் முழங்காற்சில்லின் கீழும் குதிகாலிலும் வலி தோன்றுவதுண்டு. இதனைப் ‘பிள்ளைகளுக்கு வரும் வலிதானே’ என்று தள்ளிவிடாமல், ஓட்டத்தைக் குறைத்து ஓய்வளித்தால் பெரும்பாலும் தானே தணியும்.

பயிற்சியைச் சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும். இவ்வாரம் 10 கிலோமீட்டர் ஓடியவர் அடுத்த வாரம் 11 கிலோமீட்டர் ஓடினால் போதும். வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். பகலெல்லாம் செம்பனைக் குலை சுமந்து மாலையில் ஓடும் இளைஞர், அச்சுமையையும் பயிற்சியோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். உடல் இரண்டையும் பிரித்தறியாது. போட்டிக்கு முந்திய வாரத்தில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தல் நலம். அந்நாட்களில் கூடுதலாக ஓடுவதனால் களைப்பு சேருமே அன்றி வலிமை சேராது.

மாணவச் செல்வங்களே! அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்றஞ்சி வலியை மறைக்காதீர்கள். இன்று சொன்னால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும் வலி, மறைத்தால் ஓராண்டையே விழுங்கிவிடக்கூடும். பெற்றோரே! ஆசிரியப் பெருமக்களே! வலிக்கிறது என்று ஒரு பிள்ளை கூறுமாயின் அதனைக் கோழைத்தனம் எனக் கருதாது, அன்புடன் செவிமடுப்போமாக. கோப்பை அடுத்த ஆண்டும் வரும். கால்களோ வாழ்நாள் முழுவதும் நம்மைச் சுமக்க வேண்டியவை. உழைப்பைப் போற்றுவது போன்றே ஓய்வையும் போற்றுவோம். உடல்நலத்துடன் ஓடி வெற்றி காண்போம்.