உடைமையும் காவலும்

தோட்டம் கைமாறுதல் மலைநாட்டார்க்குப் புதிதன்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இருமுறையும் துரைமார் மாறினர். லயத்து அறையோ அதில் வாழ்ந்தோர்க்கு உரியதாகவில்லை. ஆதலின், தலவாக்கலையில் நம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, கொழும்பில் அண்ணன் எழுதும் மென்பொருளை வேறு கம்பனி வாங்கினால், எல்லாம் அவர்களுக்கே போய்விடுமா?" என வினவியபோது, அவ்வினாவின் வேர் எனக்குப் புலனாயிற்று.

விடையை நம் நாட்டு நிறுவனம் ஒன்றைக் கொண்டே காண்போம். டபிள்யூ.எஸ்.ஓ.2 என்பது 2005இல் சஞ்சீவ வீரவரணவும் நண்பரும் தொடங்கியது. பல்வேறு கணினி முறைகளை ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருளை அஃது ஆக்கிற்று. அதன் மூலநிரலை, அதாவது மென்பொருளை ஆக்கும் கட்டளைகளின் முழு எழுத்தை, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இசையும் அப்பாச்சி உரிமத்தின் கீழ் வெளியிட்டது. 2024இல் சுவீடன் நாட்டு ஈ.கியூ.டி. என்னும் முதலீட்டு நிறுவனம் அதனை வாங்கிற்று. நிறுவனம் கைமாறியது, ஆயினும் முன்னர் வெளியிட்ட நிரலுக்கு உலகோர் பெற்ற உரிமை மாறவில்லை. இனிவரும் பதிப்பை உடைமையாளர் மூடிவைக்கலாம். வெளிவந்ததை மீட்டுக்கொள்ளல் இயலாது. லயத்து அறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆயின், திறந்திருத்தலே காவலாகுமா? ஆகாது. 2022 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு பெரும் பிழை வெளிப்பட்டது. கடவுச்சொல் இன்றியே அயலார் ஒரு கோப்பினை உள்ளேற்றிக் கணினியை ஆளத்தக்க பிழை அது. நிறுவனம் திருத்தம் வழங்கியும், அதனை இடாதோர் கணினிகள் தாக்குண்டன. 2024 மார்ச்சில், உலகெங்கும் பயன்படும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளில், அதனைப் பேணும் பொறுப்பை நம்பிக்கையால் பெற்ற ஒருவரே கள்ளவாயில் வைத்தமை தெரியவந்தது. கணினி அரை நொடி தாமதித்ததை ஐயுற்று ஆராய்ந்த அந்திரேஸ் புரொயின்ட் என்னும் பொறியியலாளர் அதனைக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்தமையால் தேட முடிந்தது. தேட ஒருவர் இருந்தமையால் அகப்பட்டது.

எனவே மாணவர்களே, உரிமம் நம் பங்கினைக் காக்கும். கணினியைக் காப்பது விழிப்பே. பிறர் எழுதியதைப் பெற்றுப் பயன்படுத்துவதோடு அமையாது, வாசித்துப் பழகுங்கள். திருத்தம் வந்த அன்றே இடுங்கள். கணினித் துறையில் உயர்ந்த பழைய மாணவர்காள்! விடுமுறைக்கு ஊர் வரும்போது, உங்கள் தம்பி தங்கையர்க்கு ஒரு நிரலை வரிவரியாய் வாசித்துக் காட்டுங்கள். உரிமைப்பத்திரம் காணாத பரம்பரைக்கு, பறிக்கவொண்ணாத ஓர் உடைமையைக் காட்டியவராவீர்.