மாரீசன் எழுப்பிய குரல்



குறோணியை மாயோன் ஆறு துண்டாக வெட்டிய வரலாறு அன்புக்கொடி மக்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தத் துண்டுகளே யுகந்தோறும் அசுரனாகப் பிறந்து வந்தன. திரேதாயுகத்தில் பிறந்தவன் இராவணன். அவனை அழிக்க நாராயணர் இராமராக வந்தார். திருஏடு வாசிப்பில் இந்தப் பகுதி சுருக்கமாகவே வரும். தெரிந்த கதைதானே என்று கேட்பவர்களும் சற்று அசந்து உட்கார்ந்திருப்பார்கள். வாசிப்பு அடுத்து துவாபரயுகத்துக்குப் போய்விடும்.

ஆனால் இராம கதையில் ஓர் இடம் உண்டு. அங்கே நின்று பார்க்காமல் போனால், நீசனுடைய தந்திரத்தில் பாதி விளங்காது. பதினாலாயிரம் பேரோடு வந்த கரனையும் தூஷணனையும் தனி ஒருவராக நின்று அழித்தவர் இராமர். அப்படிப்பட்டவர் காவல் இருந்த குடிலில் இராவணன் எப்படிப் புகுந்தான்? படையோடு வரவில்லை. ஒரே ஒரு குரலை முன்னால் அனுப்பினான். அடிபட்டு விழுந்தவனின் குரல் அது.

அந்தக் குரலுக்கு உரியவன் மாரீசன். தாடகையின் மகன். விசுவாமித்திரர் வேள்வியைக் கெடுக்கப் போய், இராமர் விட்ட அம்பினால் நூறு யோசனை தூரம் கடலில் தூக்கி எறியப்பட்டவன். உயிரோடு தப்பியதே பெரிது. பிறகும் ஒரு முறை தண்டக வனத்தில் மோதிப் பார்த்து, கூட வந்த இருவரைப் பறிகொடுத்து ஓடினான். அதன்பின் சடையும் மரவுரியும் தரித்துத் தவசி போல இருந்தான். இராமருடைய பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லைக் கேட்டாலும், இரத்தினம் என்றாலும் இரதம் என்றாலும், தனக்கு நடுக்கம் வருகிறது என்று அவனே இராவணனிடம் சொல்கிறான். வேண்டாம், குலம் அழியும் என்று புத்தியும் சொல்கிறான். இராவணன் கேட்கவில்லை. போகாவிட்டால் இங்கேயே கொல்வேன் என்றான். எப்படியும் சாவு, இவன் கையால் சாவதைவிட இராமர் கையால் சாவது மேல் என்று மாரீசன் புறப்பட்டான்.

திட்டம் முழுவதும் இராவணனுடையது. பொன்மானாகப் போ, இராமரைத் தூரமாக இழுத்துக்கொண்டு போ, பிறகு இராமர் குரலிலேயே சீதையையும் லட்சுமணரையும் கூப்பிட்டுக் கதறு என்று சொல்லி அனுப்பினான். மானைக் கண்ட உடனேயே லட்சுமணர் இது மாரீசனாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். இருந்தும் சீதை ஆசைப்பட்டார், இராமர் போனார், அம்பு தைத்தது. விழுகிற நேரத்தில் அவன் கதறினான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாரீசனுக்கு வலி உண்மை. மார்பில் அம்பு பாய்ந்தது உண்மை. உயிர் போகிறதும் உண்மை. பொய் எங்கே இருந்தது என்றால், அது யாருடைய வலி என்பதில் இருந்தது. அடிபட்டவன் அசுரன், கேட்டவர்களுக்கோ அடிபட்டவர் இராமர்.

சூர்ப்பனகை கதையும் இதே மாதிரிதான். அவள் மூக்கும் காதும் அறுபட்டது உண்மை. ஆனால் இலங்கைக்குப் போய் அண்ணனிடம் என்ன சொன்னாள்? அண்ணா, உனக்கு மனைவியாக்க வேண்டும் என்றே அந்தப் பெண்ணைக் கொண்டுவரப் போனேன், அதற்காக என்னை இப்படிச் செய்துவிட்டார்கள் என்றாள். தான் இராமரை விரும்பியதும், அது நடக்காதபோது சீதையைத் தின்னப் பாய்ந்ததும் அந்தப் பேச்சில் இல்லை. காயத்தைக் காட்டினாள், காரணத்தை மறைத்தாள். முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. உண்மையான காயத்தின் மேல் கட்டிய பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

குரல் யாரை அசைத்தது?

மாரீசன் குரல் லட்சுமணரை அசைக்கவில்லை. பலரும் இதைக் கவனிப்பதில்லை. அவர் அசையாமல் நின்றார். இராமரை வெல்ல மூவுலகிலும் ஆள் இல்லை, இது அரக்கர் மாயை என்று சீதையிடம் எடுத்துச் சொன்னார். தன்னை உங்களுக்குக் காவலாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார், விட்டுப் போக மாட்டேன் என்றார்.

அந்தக் குரல் அசைத்தது சீதையை. ஏன்? இராமர் மேல் அத்தனை அன்பு. அன்பு இல்லாத இடத்தில் அந்தக் குரல் காற்றோடு போயிருக்கும். எதிரியிடம் போய் அழுது யாரும் காரியம் சாதிக்க முடியாது. உத்தமமான மனசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொய்யழுகைக்கு விலை உண்டு.

பிறகு நடந்ததுதான் பெரிய கேடு. சீதையின் வாயிலிருந்தே லட்சுமணர் மேல் பழி வந்தது. உனக்கு அண்ணன் மேல் அன்பு இல்லை, அவர் சாகட்டும் என்று காத்திருக்கிறாய், உன் எண்ணமே வேறு என்கிற மாதிரிச் சொல்லக் கூடாத சொல்லெல்லாம் சொன்னார். வனவாசத்தில் இருவரின் பின்னாலும் நிழலாக நடந்தவருக்கு அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. அம்பு தாங்குவார், பசி தாங்குவார், அந்தச் சந்தேகத்தைத் தாங்கமாட்டார். மனம் கலங்கிப் போனார்.

ஆக, இராவணன் லட்சுமணரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சீதையைக் கொண்டே லட்சுமணரை அப்புறப்படுத்தினான். நல்லவர் ஒருவரை அழவைத்து, அந்தக் கண்ணீரால் இன்னொரு நல்லவரை விரட்டினான். லட்சுமணர் போகும்போது கோடு கிழித்துவிட்டுப் போனதாக மேடைகளில் சொல்வார்கள். அது வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. நல்லவர்கள் இருவருக்குள் சந்தேகம் விழுந்த பிறகு கோடு என்ன செய்யும்?

காவி ஒன்றுதான், கேட்டது வேறு

லட்சுமணர் போன மறுகணம் இராவணன் வந்தான். காவி, குடை, கமண்டலம், கோல், பாதக்குறடு. வயிற்றுக்கு இல்லாத துறவி போல வாசலில் நின்றான். சீதை அமர இடமும் கால் கழுவ நீரும் உண்ணக் கனியும் கொடுத்தார். தருமம் தெரிந்தவர் செய்வதையே செய்தார். உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் இலங்கையின் செல்வத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். பிச்சைக்கு வந்தவனுக்கு வாயில் எல்லாம் பொன்னும் பட்டத்து அரசியும்.

கலியுகத்தில் மாயோனும் பண்டார வேடம் பூண்டு வந்தார் என்பதை அகிலம் சொல்கிறது. வரங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்த கலியன் முன்னால், கையில் ஆயுதம் இல்லாத ஆண்டியாக நின்று சண்டைக்குக் கூப்பிட்டார். பண்டாரத்தோடு சண்டையிட்டால் எனக்குத்தான் கேவலம் என்று கலியன் ஏளனம் செய்தான். அப்போது மாயோன் கேட்டது என்ன? பொன்னா, பெண்ணா? பண்டாரங்களை இடறு செய்யமாட்டேன் என்று ஆணையிடு என்று கேட்டார். எளியவர்களுக்காக ஓர் உறுதிமொழி. அவ்வளவுதான். பிறகு சக்கராயுதத்தைக் கொடுக்க, அதுவே அவனிடம் பணமாகிப் போன கதையும் தெரிந்ததே.

இராவணன் உடுத்ததும் காவி, மாயோன் உடுத்ததும் காவி. எளிமை வேடத்தில் வந்தவர் கடைசியில் யாருக்காகக் கேட்கிறார் என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அசையாத சுக்கிரீவன்

இராவணன் இதே தந்திரத்தை மறுபடியும் செய்து பார்த்தான். வானரப் படை கடற்கரைக்கு வந்ததும் சுகன் என்பவனைப் பறவை வடிவில் சுக்கிரீவனிடம் அனுப்பினான். சொல்லி அனுப்பிய சேதி கெட்டிக்காரத்தனமானது. நீ எனக்குச் சகோதரன் மாதிரி, உனக்கு நான் எந்தத் தீங்கும் செய்யவில்லை, அயலான் மனைவியை நான் தூக்கி வந்ததற்கு நீ ஏன் என் மேல் படையெடுத்து வருகிறாய், கிஷ்கிந்தைக்குத் திரும்பிப் போ. பெண்ணைத் திருடியவன் தான் பாதிக்கப்பட்டவன் போலப் பேசுகிறான்!

சுக்கிரீவன் இதில் விழவில்லை. நீ இராமருக்குப் பகைவன், ஆகவே எனக்கும் பகைவன் என்று மறுமொழி சொல்லிவிட்டான். வானரர்கள் சுகனைப் பிடித்து உதைத்தார்கள். தூதனைக் கொல்லலாமா என்று அவன் அலறியதும் இராமர் நிறுத்தச் சொன்னார். பிறகு அதே சுகன் சாரணன் என்பவனோடு வானர வேடத்தில் ஒற்றனாக வந்தான். விபீஷணர் அடையாளம் காட்டிவிட்டார். அப்போதும் இராமர் உயிரோடு விட்டார்.

இராமர் சுகனுக்கு இரங்கினார். ஆனால் சுகன் சொன்னதை ஏற்கவில்லை. இரக்கமும் நம்பிக்கையும் ஒன்றல்ல. அழுகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், சோறு போடலாம். அவன் கைகாட்டுகிற ஆளின் மேல் கல்லெறிய வேண்டும் என்பது இல்லை.

அப்படியானால் விபீஷணர்? அவரும் அண்ணனால் அவமானப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். சுக்கிரீவன் நம்பவே இல்லை. அனுமார் அவருக்காகப் பேசினார். இராமர் அடைக்கலம் கொடுத்தார். மாரீசன் குரலுக்கும் விபீஷணர் குரலுக்கும் வித்தியாசம் எங்கே? விபீஷணர் நான்கு துணைவரோடு பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க வந்து நின்றார். இராவணன் தம்பி என்று தன் பெயரைத் தானே சொன்னார். படைக்குள் ஒவ்வொருவராகத் தனியே பிடித்துக் காதில் ஓதவில்லை. இராமரிடம் சொல்லுங்கள் என்றார். விசாரிக்கட்டும், பேசட்டும் என்று காத்து நின்றார். மாரீசன் குரலோ கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வந்தது, இப்போதே ஓடு என்றது, ஒரு நிமிஷம் யோசித்தவரைத் துரோகி ஆக்கியது.

தாங்கலிலும் கேட்கும் குரல்

ஒரு தாங்கலில் வரவு செலவு பார்க்கிறவரிடம் கணக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் வைத்துக் கேட்ட கேள்விக்குக் கூட்டத்திலேயே பதில் சொன்னால் விஷயம் முடிந்தது. அவர் அங்கே வாய் திறப்பதில்லை. பொழுது அடைந்த பிறகு வீடு வீடாகப் போகிறார். யார் வீட்டுக்கு? கணக்குக் கேட்டவர் வீட்டுக்கு அல்ல. அய்யா என்றால் உருகுகிற வயசான அம்மா வீட்டுக்கு, ஒரு நாளும் உகப்படிப்புக்குத் தவறாத பிள்ளைகள் வீட்டுக்கு. இத்தனை வருஷம் பணிவிடை செய்தவனைத் திருடன் என்றுவிட்டார்களே என்று அழுகிறார். கூட்டத்தில் யாரோ ஒருவர் கடுமையாகப் பேசியிருக்கவும் கூடும். அந்த ஒரு சொல் அவருக்குக் கிடைத்த அம்பு. அதைக் காட்டிக் காட்டியே கணக்கை மறைத்துவிடுகிறார். அடுத்த திருநாளுக்குள் பால் தருமத்துக்கு அரிசி அளப்பவர்கள் இரண்டு பிரிவு. அந்த அம்மாவும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கணக்கு நோட்டை இதுவரை யாரும் பார்க்கவும் இல்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, முதல் ஆபத்தைவிடப் பெரியது. முறையிடுகிறவரை எல்லாம் மாரீசன் என்று சொல்லி வாயை அடைக்கிறவர்களும் உண்டு. நோட்டு அவர்கள் கையில் இருக்கும், பதவியும் அவர்கள் கையில் இருக்கும். கேட்டவனுக்கு நீசன் என்று பெயர் வைத்துவிடுவார்கள். திருவிதாங்கூரில் சான்றோர் மக்கள் தலைக்கு வரி கட்டி, கூலி இல்லாத ஊழியம் செய்து, பெண்கள் தோளில் சீலை போடவும் உரிமை இல்லாமல் கதறியது பொய்யழுகையா? அரண்மனைக்கும் அதிகாரிக்கும் அது அப்படித்தான் கேட்டது. அந்தக் கதறலைக் கேட்டே அய்யா வைகுண்டர் வந்தார். தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவதையே தருமம் என்று வைத்த வழியில், அழுகைச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ள இடமே இல்லை. கதவைத் திறக்க வேண்டும். இருவரையும் அய்யா முன்னால் உட்கார வைத்து, நோட்டை நடுவில் வைத்துக் கேட்க வேண்டும். உண்மையில் அடிபட்டவர் அதற்குச் சம்மதிப்பார். விபீஷணர் சம்மதித்தார்.

அய்யாவைப் பிடிக்கச் சாமிதோப்புக்குச் சேவகர் வந்த நாளையும் இங்கே நினைக்கலாம். அய்யா பட்ட பாட்டில் பொய் எதுவும் இல்லை. சூழ நின்ற மக்களோ உயிரையும் கொடுக்கக் கூடியவர்கள். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அந்த இடமே போர்க்களம் ஆகியிருக்கும். பொறுத்திருங்கள் என்று மக்களை அமர்த்திவிட்டுச் சேவகரோடு நடந்தார். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் இருந்தார்.

இராவணன் கதை எப்படி முடிந்தது? போர்க்களத்தில் விழுந்து கிடந்தபோதும் அவன் தன் குற்றத்தைப் பேசவில்லை. உன் வீரத்தால் என்னைக் கொல்லவில்லை, என் தம்பி துணை நின்றதால் அல்லவா கொன்றாய் என்று முறையிட்டான். பொய்க் குரல் ஒன்றை அனுப்பி அண்ணனிடமிருந்து தம்பியைப் பிரித்தவன், தன் தம்பி பிரிந்துபோனதைச் சொல்லி அழுதான். நாராயணர் அந்த முறையீட்டையும் தள்ளவில்லை. துவாபரயுகத்தில் அவனைத் துரியோதனனாக, 99 தம்பிமாரோடு பிறக்கச் செய்தார்.