ஏர் நுழையா நிலத்தில் ஒரு கல்மனை

வேளாண் மனை என்றவுடன் மண்சுவரும் ஓலைக்கூரையுமே நம் நினைவில் எழும். அமெரிக்க நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில் 1881-ஆம் ஆண்டு எழுந்த ‘ஸ்பிரிங் ஹில்’ பண்ணைமனையோ செதுக்கிய சுண்ணாம்புக் கல்லாலானது. விக்டோரியா அரசியின் காலத்துக் கட்டடச் சுவை, அவர் ஆளாத நாட்டிலும் வேரூன்றியமைக்கு இது தக்க சான்றாகும்.

இம்மனை நிற்கும் பிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் மண் மெல்லியது. அதனடியில் சுண்ணாம்புக்கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. ஏர் நுழையாது, மரமும் அரிது, புல்லோ ஆளுயரம் வளரும். ஆகவே உழவர் தயங்கிய நிலத்தைக் கால்நடை வளர்ப்போர் விரும்பினர். அவருள் ஒருவரான ஸ்டீபன் ஜோன்ஸ் 1878-இல் அங்கு வந்து, நிலம் தந்த கல்லையே மனையாக்கினார். அப்பகுதிக் கற்களை உற்று நோக்கின், கோதுமைமணி போன்ற பழங்கடல் உயிர்களின் படிவங்களைக் காணலாம்.

மனையில் 11 அறைகள் உள. கூரை, பிரெஞ்சு நாட்டு ‘மான்சார்ட்’ வகையைச் சார்ந்தது. கூரையின் கீழ்ப்பகுதி ஏறத்தாழச் சுவர்போலச் செங்குத்தாக இறங்குவதால், வீணாகும் கூரையடியும் சாளரமுடைய வாழ்தளமாகிறது. மனை குன்றின் சரிவில் பொருந்தியிருப்பது மற்றொரு நுட்பம். ஆயினும் எம் உள்ளம் கவர்ந்தது மனையன்று. அருகேயுள்ள மூன்றடுக்குக் கல் தொழுவமே. வண்டிகள் மேல்தளம் வரை ஏறிச்செல்ல மண்சரிவுப் பாதை அமைத்தனர். மனையில் அழகு முந்துகிறது. தொழுவத்தில் தொழில் முந்துகிறது. பனிக்கட்டி அறை, கழிப்பறை, சாந்தின்றி அடுக்கிய வேலி, 1882-இல் அண்மையில் எழுந்த ஓரறைப் பள்ளி ஆகிய யாவும் கல்லே.

ஈண்டு ஒன்றைச் சொல்லாது கடத்தல் முறையன்று. கான்சாஸ் என்னும் பெயருக்கு உரியோர் கா என்னும் தொல்குடியினர். 1860-களில் அரசு அவர்களுக்கென அக்குன்றுநாட்டிலேயே 138 சிறு கல்வீடுகளைக் கட்டியது. அவர்களோ தம் மரபுக் குடில்களையே நாடினர். 1873-இல் அவர்கள் இன்றைய ஓக்லகோமாப் பகுதிக்கு அகற்றப்பட்டனர். ஜோன்ஸ் வந்தது அதற்கு 5 ஆண்டுகளுக்குப் பின்னராகும்.

ஏரைத் தடுத்த அக்கல்லே புல்லையும் காத்தது. 1996-இல் அப்பண்ணை தேசியப் புல்வெளிக் காப்பகமாயிற்று. மறு ஆண்டு மனை தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. கா மக்களுக்கெனக் கட்டிய கல்வீடுகளுள் சிலவற்றின் இடிசுவர்களும் கவுன்சில் குரோவ் நகருக்கு அருகில் இன்றும் நிற்கின்றன, அவற்றுக்குக் கூரையில்லை.